முனையும் துறையும்: அம்பாறைக் கரையின் நிலமும் நீரும் மனிதரும்

காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே அம்பாறை நகருக்கு ஒரு பாதை போகிறது. பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் "உங்கட மாவட்டம் எப்படி?" என்று கேட்டால், அந்தப் பாதையில் பகல் நேரத்தில் ஒரு தடவை போய்வரச் சொல்லுவேன். ஜன்னலோரம் இருந்து பார்த்தால் போதும்.

காரைதீவு தமிழ் ஊர். அதைத் தாண்டினால் வயல். பிறகு மாவடிப்பள்ளி, சிறிய முஸ்லிம் கிராமம். மறுபடி வயல். அடுத்து சம்மாந்துறை, பெரிய முஸ்லிம் ஊர். அதை ஒட்டினாற்போல் வீரமுனை, தமிழ் ஊர். அதற்கப்பால் வளத்தாப்பிட்டி, மல்வத்தைப் பக்கமாக வயலும் மேட்டு நிலமும். பாதை முடியும் இடத்தில் அம்பாறை நகரம், அங்கே பெரும்பான்மையினர் சிங்களவர். இவ்வளவு குறுகிய தூரத்தில் மூன்று சமூகங்களையும் நான்கு மதங்களின் வணக்கத்தலங்களையும் கண்டுவிடலாம். ஒவ்வோர் ஊருக்கும் இடையில் வருவது வயலும் வாய்க்காலும்தான்.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊர்களைப் பற்றி எழுதுகிறார்கள். ஊர்களுக்கு இடையில் கிடக்கும் இந்தத் தண்ணீரைப் பற்றி எழுதுவது குறைவு. நான் சம்மாந்துறையில் பிறந்தவன். வீரமுனை எங்களுக்கு நடந்து போகும் தூரம். இந்த இரண்டு ஊர்களையும் வைத்துக்கொண்டு மாவட்டத்தின் நிலத்தையும் மக்களையும் விளக்க முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்களும் எல்லைகளும்

அம்பாறை மாவட்டம் 1961 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாதியாக இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் "மட்டக்களப்பு நாடு" என்று சொல்லும்போது பொத்துவில், பாணமை வரைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். கரவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று அக்காலத்துப் பிரிவுகள் பற்று என்ற பெயரால் வழங்கின. அவற்றில் அக்கரைப்பற்று மட்டும் இன்று ஓர் ஊரின் பெயராக நிலைத்து நிற்கிறது.

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீற்றர். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 6 இலட்சத்து 49 ஆயிரம். இதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 பேரளவில், சிங்களவர் 39, தமிழர் 17. இலங்கையில் முஸ்லிம்கள் தனிப்பெரும் சமூகமாக இருக்கும் மாவட்டம் இது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாவட்டத்தின் நிலத்தில் பெரும் பகுதி மேற்கிலும் தெற்கிலும் காடாகவும் மலையாகவும் குடியேற்றங்களாகவும் கிடக்கிறது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்குமான கரையோரத் துண்டிலும், அதற்குச் சற்று உள்ளே சம்மாந்துறை, இறக்காமம் போன்ற ஊர்களிலும், தெற்கே பொத்துவிலிலும் முஸ்லிம்கள் நெருக்கி வாழ்கிறோம். எண்ணிக்கையில் முதலாவது, நிலத்தில் மிகச் சிறியது. இந்த மாவட்டத்துக் காணிப் பிரச்சினைகள் பலவற்றின் வேர் இதில் கிடக்கிறது.

நிர்வாக வரைபடத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள். மகாவலித் திட்டத்தின் குடியேற்றமான தெஹியத்தகண்டிய வடமேற்கு மூலையில் இருக்கிறது. பொத்துவில் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கச்சேரி. தேர்தல் மாவட்டத்தின் பெயர் திகாமடுல்ல. அதற்குள் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கு தொகுதிகள். கரையோரத்துத் தமிழ்பேசும் தொகுதிகள் மூன்றையும் சேர்த்துத் தனி நிர்வாக மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல தசாப்தங்களாக எழுந்தும் அடங்கியும் வருகிறது.

எல்லைப் பிரச்சினை மாவட்ட மட்டத்தோடு நிற்கவில்லை. கல்முனையில் தமிழர்களுக்கான உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டும் என்று 2019 இல் உண்ணாவிரதம் நடந்தது. அதற்கு எதிராக நம்மவர்களும் வீதிக்கு இறங்கினார்கள். சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வேண்டும் என்று நம் சமூகத்துக்குள்ளேயே கிளர்ச்சி எழுந்தது. 2020 பெப்ரவரியில் அதற்கான வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. முஸ்லிமுக்கும் முஸ்லிமுக்கும் இடையிலேயே கோடு கீற முடியாமல் நிற்கிற இடம் இது. ஏன் இப்படி? அதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும்.

ஊர்ப்பெயர் சொல்லும் பூகோளம்

எங்கள் கரையோரத்தின் ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனை, வீரமுனை, பாலமுனை. காரைதீவு, மல்லிகைத்தீவு. சம்மாந்துறை, துறைநீலாவணை. ஒலுவில், பொத்துவில், தம்பிலுவில். அட்டப்பள்ளம், வளத்தாப்பிட்டி, நாவிதன்வெளி, அட்டாளைச்சேனை.

முனை என்றால் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். தீவைச் சொல்லத் தேவையில்லை. துறை தோணி ஒதுங்கும் இடம். வில் என்பது நீர் தேங்கிய வில்லு. பிட்டி நீர் ஏறாத மேடு. பள்ளம் நீர் தங்கும் தாழ்வு. ஆக, இந்த ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் நிலத்தைப் பார்த்து வைக்கவில்லை, தண்ணீரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிற்காது, எங்கே ஒதுங்கலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நிலத்தின் அமைப்பை மனதில் வாங்கினால் இது விளங்கும். கிழக்கே கடல். கடலை ஒட்டி நீளமாக ஒரு மணல் திட்டு, பல இடங்களில் ஒன்று இரண்டு கிலோமீற்றர் அகலம்தான். கரையோர ஊர்கள் எல்லாம் அந்தத் திட்டின் மேல் வரிசையாக இருக்கின்றன. திட்டுக்கு மேற்கே தாழ்ந்த வெளி. வடக்கில் அது மட்டக்களப்பு வாவியின் தென்முனையோடு சேர்கிறது. தெற்கில் களியோடை வழியாகக் கடலைத் தேடுகிறது. மேற்கு மலைகளில் பெய்யும் மழை பட்டிப்பளை ஆறாக, அதாவது சிங்களத்தில் கல் ஓயாவாக, இறங்கி வந்து இந்த வெளியில்தான் பரவும். வெளிக்குள்ளே அங்கங்கே மேடுகள். அந்த மேடுகளில் இரண்டுதான் சம்மாந்துறையும் வீரமுனையும்.

மழை எங்களுக்கு வாடைக்காற்றோடு வருவது. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மாரி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். அப்போது முற்றத்து மண்கூடச் சுடும். மாரி மழையை நம்பிச் செய்வது பெரும்போகம். குளத்து நீரை நம்பிச் செய்வது சிறுபோகம். வயல் பிரதேசத்தை வட்டை என்போம், பயிர்ச்செய்கையை வெள்ளாமை என்போம். வெள்ளாமை என்ற சொல்லை வேறு எந்தத் தொழிலுக்கும் சொல்வதில்லை. ஒருவர் "வெள்ளாமை எப்படி?" என்று கேட்டால் அது பாதி ஸலாம் மாதிரி.

இரண்டு தோணிக் கதைகள்

வீரமுனையில் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் தல வரலாற்றின்படி சோழ இளவரசி சீர்பாததேவி தன் கணவன் வாலசிங்கனோடும் பரிவாரங்களோடும் மரக்கலத்தில் ஈழத்துக்கு வருகிறாள். திருகோணமலைக் கடலில் கலம் தரித்து நிற்கிறது. அங்கே நீருக்கடியில் ஒரு பிள்ளையார் சிலை கிடைக்கிறது. கலம் எந்தக் கரையைத் தட்டுகிறதோ அங்கே கோயில் கட்டுவேன் என்று அவள் சிந்தையில் எண்ணிக்கொள்கிறாள். கலம் வந்து தட்டிய இடம் வீரமுனை. அவளுடைய பெயரால் சீர்பாத குலம் என்று வழங்கும் சமூகத்தினர் வீரமுனையிலும், துறைநீலாவணை, குறுமண்வெளி, மகிழூர் போன்ற ஊர்களிலும் வாழ்கிறார்கள்.

சம்மாந்துறைப் பெயருக்கு எங்கள் பெரியவர்கள் சொல்லும் விளக்கமும் தோணிக் கதைதான். வணிகர்களின் சம்பான்கள் வந்து ஒதுங்கிய துறை, சம்பான்துறை, பிறகு சம்மாந்துறை. சொல்லாராய்ச்சியாளர் இதை ஏற்பார்களா என்பது வேறு விடயம். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. இன்று கடல் இரண்டு ஊர்களுக்கும் கிழக்கே ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. நடுவில் வயல். ஆனாலும் இரண்டு ஊர்களும் தாம் தோணியில் வந்ததாக நினைவு வைத்திருக்கின்றன. ஒன்றுக்குக் கலம், மற்றதுக்குச் சம்பான். இந்த வயல்வெளி ஒரு காலத்தில் நீர்ப்பரப்பாக, தோணி ஓடும் வழியாகக் கிடந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த இரு நினைவுகளும் சேர்ந்து ஒரு தடயம் தருகின்றன. வெள்ளம் போடும் மாரியில் போய்ப் பார்த்தால் அதை நம்புவது கஷ்டமில்லை.

முஸ்லிம்கள் இங்கு வந்தது ஒரே நாளில் நடந்த காரியமல்ல. வணிகத்தால் வந்து பெண் எடுத்துத் தங்கியவர்கள் முன்பே இருந்தார்கள். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். 4,000 பேர் என்ற கணக்கு வரலாற்று நூல்களில் வருகிறது. கடலோர வணிகராக இருந்தவர்கள் இங்கே வந்து வயற்காரர் ஆனார்கள். இலங்கை முஸ்லிம் என்றால் வியாபாரி என்று எண்ணுகிறவர்களுக்கு அம்பாறைக் கரையை விளக்குவது சிரமம். போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை, களவெட்டி, சூடு என்று எங்கள் சொற்கள் எல்லாம் வயலில் முளைத்தவை. அவை அயலிலுள்ள தமிழருக்கும் அதே சொற்கள்.

குடியும் வளவும்

கிழக்குக்கு வெளியே உள்ள முஸ்லிம் வாசகர்களுக்கு வியப்பான ஒன்று எங்கள் குடி முறை. ஒவ்வொருவரும் தாய்வழியாக ஒரு குடியைச் சேர்ந்தவர். ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார், தமிழர் கோயில்களில் குடிக்கொரு வண்ணக்கர் இருந்ததைப் போலவே. சில குடிப்பெயர்கள் இரு சமூகத்திலும் உண்டு. மானிடவியலாளர் நூர் யல்மனும், அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரேயும் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

குடி முறையோடு சேர்ந்து வருவது பெண்வீட்டு வாழ்க்கை. கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். ஆகவே மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடமையாகி விட்டது. மூன்று மகள் என்றால் மூன்று வீடு. மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டிலில் இருப்பதை என் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஊடு இல்லாத குமருக்கு மாப்பிள எங்க இருந்து வரும் மனே?" என்று என் மூத்தம்மா கேட்பது இன்னும் காதில் நிற்கிறது. மார்க்கம் மஹரைத்தான் சொல்கிறது, வீடு கேட்பதைச் சொல்லவில்லை என்று ஆலிம்கள் பேசத் தொடங்கி நெடுநாளாகிறது. பேச்சு கூடியிருக்கிறது, வழக்கம் அவ்வளவாகக் குறையவில்லை.

இதை நான் சமூகக் குறையாக மட்டும் சொல்லவில்லை. இதற்கு ஒரு பூகோள விளைவு உண்டு. ஒரு வளவு மூன்றாகிறது. அடுத்த தலைமுறையில் ஒன்பதாகிறது. சகோதரிகளின் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கிலும் தெற்கிலும் அடுத்த ஊர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களில் வீதிகள் ஏன் இவ்வளவு ஒடுக்கம், ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மணல் திட்டு அகலவில்லை, குமர்கள் பெருகினார்கள். ஊர் எல்லை ஒரு முழம் அசைந்தாலும் உயிர் போவதுபோல நாம் கொதிப்பதற்கும் காரணம் இதே நெருக்கம்தான்.

இந்த ஒடுக்கமான துண்டில்தான் மருதமுனையின் கைத்தறிகள் ஓடின. கரைவலை இழுத்தார்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறியது. 1892 இல் காரைதீவில் விபுலாநந்தர் பிறந்தார். 1944 இல் கல்முனைக்குடியில் எம். ஏ. நுஃமான் பிறந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையில் சாய்ந்தமருது மட்டுமே. யாழ் நூலை எழுதிய துறவியும், பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்த கவிஞரும் ஒரே கடற்காற்றில் வளர்ந்தவர்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா தெரியாது.

ஆற்றை மறித்த பிறகு

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்து, அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கம்பனி அணை கட்டியது. அணைக்குப் பின்னால் தேங்கிய சேனாநாயக்க சமுத்திரம் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீர் கொள்ளக்கூடியது. அதற்கு முன்பு அம்பாறை ஒரு குளத்தையும் காட்டையும் கொண்ட சிற்றிடம். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரானது. குடியேற்றங்களுக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லை. 4ஆம் கொலனி, 6ஆம் கொலனி, 12ஆம் கொலனி, மத்தியமுகாம் என்று எண்ணும் முகாமும் ஊர்ப்பெயராகின. முனை, துறை, தீவு என்று தண்ணீரைப் பார்த்துப் பெயர் வைத்த நாட்டில் முதன்முதலாக இலக்கத்தால் ஊர் வந்தது.

அணையால் நன்மை இல்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. சிறுபோகம் உறுதியானது, வெள்ளம் ஓரளவு அடங்கியது, காடு வயலானது. ஆனால் குடியேற்றம் மாவட்டத்தின் சமூக அமைப்பையும் மாற்றியது. 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் மீது நடந்த வன்முறை, சுதந்திரத்துக்குப் பிந்திய முதலாவது பெரும் இனக்கலவரத்தின் பகுதி. நீரின் தலைமாடு மேற்கே சிங்களக் குடியேற்றங்களில் அமைந்தது. கால்மாடு கிழக்கே தமிழ், முஸ்லிம் வயல்களில் கிடந்தது. துரிசைத் திறக்கும் கை எது, கடைசியில் தண்ணீர் காணும் கண் எது என்பது அரசியலாகிவிட்டது.

இந்த இடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 1980 களின் தொடக்கத்தில், கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து கல்லோயா இடதுகரையில் விவசாயிகளை வாய்க்கால் வாரியாகக் குழுக்களாக ஒழுங்குபடுத்தின. சமுத்திரத்தில் நீர் வெகுவாகக் குறைந்திருந்த நேரம் அது. விவசாயிகள் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவு செய்தார்கள். முறைவைத்து நீர் எடுத்தார்கள். மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். தலைமாட்டுச் சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய தண்ணீர் கால்மாட்டுத் தமிழ் விவசாயிகளின் வயலுக்கு வந்தது. அத்திட்டத்தில் பங்கெடுத்த நோர்மன் அப்ஹொஃப் இதை ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

நமக்கு இது புதிய பாடமாக இருக்கக்கூடாது. மதீனாவின் மஹ்ஸூர் ஓடை நீர் பற்றி நபியவர்கள் (ஸல்) அளித்த தீர்ப்பு ஹதீஸ் நூல்களில் இருக்கிறது: மேலே உள்ளவர் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக்கொள்ளலாம், பிறகு கீழே உள்ளவருக்கு விட வேண்டும். கீழே இருப்பவர் எந்தக் கோத்திரம் என்ற கேள்வி அதில் வருவதில்லை.

1990

இனி எழுதச் சிரமமான பகுதி. வீரமுனையைப் பற்றி ஒரு முஸ்லிம் எழுதிவிட்டு இதை எழுதாமல் போனால் மேலே எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும்.

1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இவற்றை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூருகிறோம், நினைவுகூரத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 12 இல் வீரமுனைப் பிள்ளையார் கோயிலிலும் அதன் அயலிலும் தஞ்சம் புகுந்திருந்த தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டோர் என்று பதிவுகள் சொல்கின்றன. நம் சமூகத்தைச் சேர்ந்த ஊர்காவல் படையினர் அதில் பங்கெடுத்தார்கள் என்றும் அப்பதிவுகள் சொல்கின்றன. அந்தத் திகதியை நம் பத்திரிகைகளில் நான் கண்டது அரிது. ஏறாவூருக்குப் பதில் வீரமுனை என்று சிலர் காதோடு காதாகச் சொல்லும் நியாயத்தை நான் ஏற்கவில்லை. கோயிலுக்குள் இருந்த பெண்ணும் பிள்ளையும் ஏறாவூருக்குப் போனவர்கள் அல்ல. தொழுகையில் இருந்தவனைக் கொல்வது எவ்வளவு பாவமோ, தஞ்சம் கேட்டு வந்தவனைக் கொல்வதும் அவ்வளவு பாவம். மார்க்கம் இதில் எங்களுக்கு இரண்டு தராசு தரவில்லை.

எங்கள் வட்டையில் வாப்பாவின் வயலுக்கு மேற்கு வரம்பு வீரமுனைக்காரர் ஒருவருடையது. அந்த வருடத்துக்குப் பிறகு சில போகங்கள் அவருடைய வயல் புல் மூடிக் கிடந்தது. எங்கள் வயலும் சரியாக விளையவில்லை. காரணம் எளியது. இரண்டு வயலுக்கும் ஒரே வாய்க்கால். மேல் வயல்காரர் வெட்டாவிட்டால் கீழ் வயலுக்கு நீர் வராது. ஒரு புரட்டாதியில் அவர் திரும்பி வந்து வரம்பில் நின்றார். வாப்பா கிட்டப் போனார். நானும் கூட நின்றேன். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு வாப்பா சொன்னார்: "தம்பி, வாய்க்கால் தூர்ந்து போய்க் கிடக்கு." அவர் சொன்னார்: "ஓம் காக்கா, நாளைக்கு வெட்டுவம்." அடுத்த நாள் இருவரும் மண்வெட்டியோடு போனார்கள்.

அதை மன்னிப்பு என்று நான் எழுதமாட்டேன். அப்படி எழுத எனக்கு உரிமையில்லை, மன்னிக்க வேண்டியது அவர். அன்று நடந்தது வாய்க்கால் வெட்டு மட்டும்தான். ஆனால் வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

தண்ணீர் திரும்பிக் கேட்பது

2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று அந்த ஒடுங்கிய மணல் திட்டு முழுவதும் கடல் ஏறியது. வீடுகள் ஒட்டி நின்றதால் ஓட இடமில்லை. பிறகு அரசு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றது. அகலமே ஒன்றிரண்டு கிலோமீற்றர் உள்ள ஊரில் 200 மீற்றர் போனால் சனம் எங்கே போவது? அக்கரைப்பற்றுக்கு அருகில் நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பற்றை மண்டிக் கிடந்தன.

ஆகவே ஊர் மேற்கே திரும்பியது. வயலை மண் போட்டு நிரப்பினோம். வீடு வந்தது, கடை வந்தது, மதில் வந்தது. ஒவ்வொருவரும் தன் துண்டை மட்டும் நிரப்பினார்கள். ஆனால் அந்த வெளி, மேற்கிலிருந்து வரும் வெள்ளம் பரவி ஆறிக் கடலுக்குப் போகும் வழி. பெயரே சொல்லியிருந்தது: பள்ளம், வெளி, வில். நாம் வாசிக்கவில்லை.

2024 நவம்பர் 26 இல், பெருமழைக்குள் நிந்தவூர் மத்ரஸா ஒன்றிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகள் பலர் மௌத்தானார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் நான் போகச் சொன்ன அதே பாதைதான். நாட்கணக்கில் தேடினார்கள். அந்த ஒரு துக்கத்துக்குப் பல காரணங்கள் சொல்லலாம். வெள்ளம் எங்கே வேகம் கொள்ளும், எந்த இடத்தில் பாதையைக் கடக்கக்கூடாது என்ற ஊர் அறிவு எங்கள் தலைமுறையோடு தேய்ந்து போனது அவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதது நாங்கள்தான்.

செய்யக்கூடிய ஒன்று

மாவட்டத்தைப் பிரிப்பதா, செயலகத்தை உயர்த்துவதா என்ற விவாதங்கள் நடக்கட்டும். அவை தேவை. ஆனால் எந்தக் கோடு கீறினாலும் வாய்க்கால் அதைக் கேட்டு நிற்காது. சம்மாந்துறைக்குள் வரும் நீர் வீரமுனை, மல்வத்தைப் பக்கமாக வருகிறது. காரைதீவுக்குப் போகும் வெள்ளம் எங்கள் வட்டைகளைத் தாண்டிப் போகிறது. அம்பாறையில் துரிசு திறந்தால் இங்கே தெரியும்.

ஆகவே என் யோசனை சிறியது. நம் பாடசாலைகளின் உயர்தரப் புவியியல் மாணவர்கள், வீரமுனைப் பாடசாலை மாணவர்களோடு சேர்ந்து, வட்டை வட்டையாக வாய்க்கால், ஓடை, மதகு, வெள்ளம் நிற்கும் பள்ளம் எல்லாவற்றையும் நடந்து போய் வரையட்டும். பெயர்களை முல்லைக்காரரிடமும் வட்டவிதானைமாரிடமும் கேட்டு எழுதட்டும். எந்த வாய்க்கால் எப்போது தூர்ந்தது, எந்தப் பள்ளம் எப்போது நிரம்பியது என்றும் குறிக்கட்டும். 1990 இல் எந்த வயல்கள் வெறுமையாகக் கிடந்தன என்பதும் அந்தப் படத்தில் வரும். வராமல் இருக்க முடியாது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் விவசாயிகளைக் கூட்டித் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிப்பார்கள். கதிரைகள் போட்டிருக்கும். முஸ்லிம், தமிழர், சிங்களவர் எல்லாரும் வந்து இருப்பார்கள். சத்தம் போடுவார்கள், ஒருவரை ஒருவர் குறை சொல்லுவார்கள், கடைசியில் ஒரு திகதிக்கு உடன்படுவார்கள். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் கூடி இருந்து ஒரு முடிவு எடுத்துக்கொண்டு எழும்புவதை நான் கண்ட இடம் அதுதான். அந்த வரைபடத்தை முதலில் விரித்துக் காட்ட வேண்டிய இடமும் அதுவே.